படம் கறுக்காத காலம்

எக்ஸ்ரே வேலையில் சேர்ந்த புதிதில் என்னை முதலில் டார்க் ரூமுக்குத்தான் அனுப்பினார்கள். சிவப்பு விளக்கின் மங்கலில் கேசட்டைத் திறந்து ஃபிலிமை உருவ வேண்டும். மூலை மடங்காமல் ஹேங்கரில் மாட்டி, டெவலப்பர் தொட்டியில் இறக்க வேண்டும். பிறகு தண்ணீரில் ஓர் அலசல், அதன்பின் ஃபிக்ஸர். விரல் நகமெல்லாம் பழுப்பேறும். ஃபிக்ஸரின் புளித்த நெடி புடவையோடு வீடுவரை வரும். அந்த அறையில்தான் இந்தத் தொழிலின் முதல் பாடம் எனக்குப் புரிந்தது. கதிர் குறைவாகப் போயிருந்தால் ஃபிலிம் வெளிறியிருக்கும். கூடிப்போயிருந்தால் கறுத்திருக்கும். நெஞ்சுப் படம் கரிக்கட்டையாக வெளியே வந்தால் அதை மறைக்க வழியே கிடையாது. ஈரம் சொட்டச் சொட்ட வியூ பாக்ஸில் மாட்டியதும் அந்த வழியாகப் போகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த ஆசிரியர் அப்படிக் கறுத்த படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “ஃபிலிம் வீணாப் போச்சுன்னு மட்டும் நினைக்காதீங்கம்மா. இந்தக் கறுப்பு இங்க வர்றதுக்கு முன்னாடி அந்த ஆள் உடம்புக்குள்ள போய்ட்டுத்தான் வந்திருக்கு.” எக்ஸ்ரேயைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்த வார்த்தைகள் அளவுக்கு எதுவும் மனதில் பதியவில்லை.

கன்ஸோலில் எங்கள் கையில் இருப்பது முக்கியமாக இரண்டு அளவுகள். கே.வி. என்பது கதிர் எவ்வளவு ஆழம் ஊடுருவும் என்பது. எம்.ஏ.எஸ். என்பது எவ்வளவு கதிர் போகிறது என்பது. ஒல்லியான பாட்டியம்மாவுக்கும் தடித்த ஓட்டுநருக்கும் ஒரே அளவு வைக்கக் கூடாது. ஆள் உள்ளே வரும்போதே நெஞ்சின் பருமனைக் கண்ணால் அளந்துவிடுவோம். ஃபிலிம் காலத்தில் அந்தக் கண் எல்லோருக்கும் இருந்தது. இல்லாவிட்டால் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு டிஜிட்டல் வந்தது. டார்க் ரூம் மூடப்பட்டு பழைய ரெக்கார்டுகள் அடுக்கும் அறையாயிற்று. எங்கள் எல்லோருக்கும் அது பெரிய விடுதலை. படம் சில நொடிகளில் திரையில் வந்துவிடுகிறது. அனுப்ப வேண்டிய இடத்துக்குப் பறந்துவிடுகிறது. ஆனால் அந்தத் திரை ஒன்றை நிறுத்திவிட்டது. இரண்டு மடங்கு கதிர் போனாலும் படம் கறுப்பதில்லை. கணினி வெளிச்சத்தைச் சரிசெய்து அழகாகக் காட்டிவிடுகிறது. சொல்லப்போனால் கூடுதலாகக் கதிர் போன படம் இன்னும் தெளிவாக இருக்கும். குறைவாகப் போனால்தான் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மணலாக இருக்கிறது என்று ரேடியாலஜிஸ்ட் போன் செய்து கேட்பார். கூடிப்போனதற்காக யாரும் போன் செய்வதில்லை. ஆகவே கை தானாகவே மேலே போகிறது. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக. உலகம் முழுக்கவே இது நடந்திருக்கிறது. ‘டோஸ் க்ரீப்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். படத்தின் மூலையில் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். கறுத்த ஃபிலிம் சொன்ன சேதியை இன்று அந்த எண் சொல்கிறது. எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதிர் விழும் பரப்பைக் குறுக்கும் தகடுகளைக் கொலிமேட்டர் என்போம். விளக்கைப் போட்டு, தேவையான இடத்துக்கு மட்டும் வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கிய பிறகே எடுக்க வேண்டும். இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சிலர் அகலமாகத் திறந்துவைத்து எடுத்துவிட்டு, திரையில் ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். டாக்டருக்குப் போகிற படம் ஒழுங்காக இருக்கும். வெட்டியெறிந்த பகுதியில் வயிறும் தைராய்டும் வாங்கிய கதிர் வெட்டுப்படாது. பச்சைக் குழந்தைக்கு நெஞ்சுப் படம் கேட்டால், தலை முதல் தொடைவரை அடங்கிய படமாக எடுத்து, நடுவை மட்டும் அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைக் கண்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும். பிள்ளைகளை மறுபடி விளக்கைப் போட்டுக் கட்டம் சுருக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட விடுவேன்.

அந்தக் கதிர் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அதனால் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பொத்தான்களைப் பற்றிப் பேசும் முன் டி.என்.ஏ.யைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் டி.என்.ஏ. இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்ட நூல். எக்ஸ்ரே செல்லுக்குள் நுழையும்போது சில நேரம் இழையை நேராகவே தாக்குகிறது. பெரும்பாலும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, தாக்குதல் தண்ணீர் வழியாக நடக்கிறது. செல்லில் பெரும்பகுதி தண்ணீர்தானே. கதிர் அதை உடைத்து ஹைட்ராக்ஸில் என்ற வெறிபிடித்த துணுக்கை உண்டாக்குகிறது. அது பக்கத்தில் இருக்கும் டி.என்.ஏ.யைக் கடிக்கிறது. ஓர் இழை மட்டும் அறுந்தால் பெரிய விஷயமில்லை. நாம் மூச்சுவிட்டுச் சோறு செரிப்பதாலேயே ஒவ்வொரு செல்லிலும் நாளொன்றுக்குப் பல்லாயிரம் சின்னக் காயங்கள் உண்டாகின்றன. எதிர் இழையைப் பார்த்து உடம்பு அவற்றை அப்படியே சரிசெய்துவிடும். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவதுதான் ஆபத்து. பார்த்து எழுத மூலப் பிரதி அங்கே இல்லை. அறுந்த இரு முனைகளையும் செல் அவசரமாகச் சேர்த்து ஒட்டுகிறது. எங்கள் கடற்கரையில் அறுந்த வலைக்கயிற்றை முடிச்சுப் போட்டு மறுபடி கடலுக்கு எடுத்துப் போவார்கள். முடிச்சு தாங்கும், ஆனால் கயிறு ஒரு விரற்கடை குட்டையாகியிருக்கும். செல் போடும் முடிச்சிலும் சில எழுத்துகள் தொலைந்துபோகலாம். அருகருகே இரண்டு இடங்களில் அறுந்திருந்தால் ஒன்றின் முனையை மற்றதன் முனையோடு சேர்த்துவிடவும் கூடும். மிக மோசமாக அடிபட்ட செல் தானே செத்துவிடுகிறது. அதனால் கேடு இல்லை. தப்பாக ஒட்டிக்கொண்டு உயிர் பிழைத்து, பெருகவும் செய்கிற செல்லைக் குறித்துத்தான் கவலை. அதிலிருந்து புற்று கிளம்பினாலும் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிளம்பும். அப்போது இந்த எக்ஸ்ரேயை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

1 கிரே என்ற பெரிய அளவு கதிர் ஒரு செல்லில் ஏறக்குறைய 1,000 ஒற்றை இழை அறுப்புகளையும் 35 முதல் 40 இரட்டை அறுப்புகளையும் உண்டாக்குகிறது. நாங்கள் கையாள்வது அதில் ஆயிரத்தில், நூற்றில் ஒரு பங்கு. 1 மில்லிகிரே என்றால் ஏறக்குறைய 30 செல்லுக்கு ஒன்றில் ஓர் இரட்டை அறுப்பு. நெஞ்சுக்கு எடுக்கும் சி.டி.யில் திசுக்கள் வாங்குவது ஏறக்குறைய 10 மில்லிகிரே. மூன்று செல்லுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் நெடுங்காலம் கணக்காகத்தான் இருந்தது. 1998-இல் அமெரிக்காவில் ரோகாகு, போனர் என்ற இருவரின் குழு ஒரு விஷயத்தைக் கண்டது. இரட்டை அறுப்பு விழுந்த இடத்தைச் சுற்றி ஹெச்-2-ஏ-எக்ஸ் என்ற புரதத்தில் செல் ஓர் அடையாளம் போடுகிறது. அந்த அடையாளத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றினால், ஒவ்வொரு அறுப்பும் நுண்ணோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரியும், எண்ணிவிடலாம். ஜெர்மனியில் லோப்ரிக் என்பவரின் குழு 2003-இல் 1 மில்லிகிரே அளவுக்கே இந்தப் புள்ளிகளை எண்ணிக் காட்டியது. 2005-இல் அவர்கள் செய்ததுதான் என் வேலைக்கு நேராக வந்து தொட்டது. சி.டி. எடுத்துக்கொண்டவர்களிடம் முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் முடிந்ததும் புள்ளிகள் கூடியிருந்தன. ஒரு நாளைக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. முன்பு கதிர் சிகிச்சையில் மிகக் கடுமையான பக்கவிளைவு கண்ட ஒருவருக்கு மட்டும் அவை சரியாகக் குறையவில்லை. பழுது பார்க்கும் திறமை எல்லா உடம்புக்கும் ஒன்றல்ல. யாருக்குக் குறைவு என்று வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த ஆய்வில் இன்னொரு வரி உண்டு. ஸ்கேன் முடிந்ததும் சி.டி. கன்ஸோலில் டி.எல்.பி. என்று ஓர் எண் வருகிறது. கதிரின் அளவையும் ஸ்கேன் செய்த நீளத்தையும் பெருக்கிய கணக்கு. புள்ளிகள் அந்த டி.எல்.பி.யோடு நேர்க்கோட்டில் கூடினவாம். தினமும் என் கண்முன் வந்து போகிற எண்; ரிப்போர்ட்டில் யாரும் கேட்காத எண். அது கூடினால் ஒருவருடைய இரத்தத்தில் அறுந்த இழைகள் அதே கணக்கில் கூடுகின்றன. படித்த அன்றிலிருந்து அந்த எண்ணைப் பார்க்காமல் நான் ஒரு நோயாளியையும் மேசையிலிருந்து இறக்கியதில்லை.

2021 மே மாதம் அந்த எண்ணின் அருமை ஊருக்கே தெரிந்திருக்க வேண்டியது. கொரோனாவின் இரண்டாம் அலை. நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் காலை தொடங்கும் வரிசை நள்ளிரவுவரை நிற்கும். பி.பி.இ. உடைக்குள் வியர்த்து ஊறிக்கொண்டு ஒருவர் முடிந்து மேசையைத் துடைத்து அடுத்தவரைப் படுக்க வைப்போம். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: “ஸ்கோர் எவ்வளவு மேடம்?” நுரையீரல் பாதிப்பு 25-க்கு எத்தனை என்ற கணக்கு பரீட்சை மார்க்போல ஊரெல்லாம் பரவியிருந்தது. டாக்டர் சீட்டே இல்லாமல் வந்தார்கள். சளி மட்டும் இருந்தவர்கள் வந்தார்கள். நான்கு நாளுக்கு முன் எடுத்தவர்கள் “கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு பாத்துருங்க” என்று வந்தார்கள். பயந்துபோன ஜனம், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மே 3-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, லேசான தொற்றுக்கெல்லாம் சி.டி. எடுக்காதீர்கள், ஒரு சி.டி. 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்றார். உடனே இந்திய கதிரியக்க மருத்துவர் சங்கம் கண்டனம் தெரிவித்தது. அதெல்லாம் பழங்காலக் கணக்கு, இன்றைய குறைந்த அளவு சி.டி. 5 முதல் 10 எக்ஸ்ரேக்குத்தான் சமம் என்றது. மறுநாள் வரிசையில் நின்றவர்கள் என்னிடம் கேட்டார்கள்: “மேடம், முந்நூறா, அஞ்சா?”

இரண்டும் கணக்குப் போட்டால் வருகிற எண்கள்தான். வழக்கமான நெஞ்சு சி.டி.யில் டி.எல்.பி. 500 வருகிறது என்று வையுங்கள். அதை உடம்பு முழுக்கான பாதிப்பின் அளவாகிய மில்லிசீவர்ட்டாக மாற்ற, நெஞ்சுக்கான பெருக்கெண் 0.014. பெருக்கினால் 7 மில்லிசீவர்ட். ஒழுங்காக எடுத்த ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.02 மில்லிசீவர்ட். வகுத்தால் 350. குலேரியா சொன்ன எண் இங்கே வந்துவிட்டது. எக்ஸ்ரேயை 0.1 என்று எடுத்துக்கொள்ளும் பட்டியல்களும் உண்டு. அப்படி வகுத்தால் 70. இனி, அதே சி.டி.யில் கே.வி.யைக் குறைத்து, எம்.ஏ.எஸ்.ஸைக் குறைத்து, நுரையீரலுக்கு மட்டும் நீளத்தைச் சுருக்கி எடுத்தால் டி.எல்.பி. 70-க்கு வந்துவிடும்; 1 மில்லிசீவர்ட். மிகக் குறைந்த அளவு எடுக்கும் வசதியுள்ள கருவியில் 0.2 வரைக்கும் இறங்கலாம். அது 10 எக்ஸ்ரே. ஆக முந்நூறும் பத்தும் வெவ்வேறு காலத்துக் கணக்குகள் அல்ல. ஒரே ஊரில், ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு சென்டர்களில் ஒரே நாளில் நடக்கக்கூடியவை. எந்த எண் உங்களுக்கு என்பதைக் கன்ஸோலில் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார். டி.வி. விவாதங்களில் இதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். அந்த ஜனம் சென்டரில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: எனக்கு டி.எல்.பி. எவ்வளவு வந்தது?

நுரையீரல் காற்று நிறைந்த உறுப்பு. கதிரைக் குறைத்தால் படம் கொஞ்சம் மணலாகும். ஆனால் கொரோனாவின் வெண்திட்டுகள் அந்த மணலிலும் தெளிவாகத் தெரியும். எங்கள் ரேடியாலஜிஸ்டிடம் பேசினேன். அவர் இரவு பத்து மணிக்குப் பழைய முறையிலும் குறைந்த முறையிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இது போதும், மாத்திருங்க” என்றார். ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்தது டி.எல்.பி. வரிசையில் நின்றவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர்களுக்கு ஸ்கோர் கிடைத்தது.

அந்த வரிசையில் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மீனவர் ஒருவர் கேட்டார்: “எங்க மண்ணுலயே கதிர் இருக்குல்லா மேடம்? அதுக்கு மேல இது என்ன செய்யும்?” நியாயமான கேள்வி. மோனசைட் கலந்த அந்தக் கடற்கரை மணலில் தோரியம் உண்டு. உலகில் சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். அந்தக் கரையில் சில இடங்களில் அது பல மடங்கு. இதே மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த மண்ணின் கதிரால் புற்றுநோய் கூடியதாக 2009-இல் வெளியான முடிவில் தெரியவில்லை. ஆண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக வருவதை உடம்பு அவ்வப்போது பழுது பார்த்துக்கொள்கிறது, சி.டி. சில நொடிகளில் கொட்டிவிடுகிறது. இப்படித்தான் அவரிடம் சொன்னேன். 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே ஆபத்து எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. சின்ன அளவுக்குச் சின்ன ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டு நடப்பதே எங்கள் தொழிலின் வழக்கம். அதுதான் சரி என்பது என் கருத்தும்.

பெண்ணாக இந்த வேலையில் இருப்பதால் எனக்கென்று ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. புதிதாகக் கல்யாணமான பெண் வயிற்றுவலி என்று வருவாள். கூடவே மாமியார், வீட்டுக்காரர். ‘கர்ப்பமா?’ என்று அவர்கள் முன்னால் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். நகையைக் கழற்றக் கூப்பிடுவதுபோல உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, “கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்சே?” என்று கேட்பேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நாள் எண்ணுவாள். சில சமயம் எண்ணிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம் படம் எடுப்பது கிடையாது. டாக்டருக்கு போன், சிறுநீர்ப் பரிசோதனை. சிலரை அங்கிருந்து அல்ட்ராசவுண்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் ஆலிஸ் ஸ்டீவர்ட் என்ற டாக்டரை நினைத்துக்கொள்வேன். ஆக்ஸ்ஃபோர்டில் 1950-களில், புற்றுநோயால் குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களிடம் என்ன நடந்தது என்று கேட்கலாம் எனத் தோன்றியது அவருக்குத்தான். பிரிட்டன் முழுக்கக் கேள்வித்தாள்கள் போயின. கர்ப்ப காலத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. 1956-இல் முதல் செய்தி, 1958-இல் முழு அறிக்கை. அப்போது கருவிலிருக்கும் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பது சர்வ சாதாரணம். மருத்துவ உலகம் அவரை உடனே நம்பவில்லை. மற்றவர்கள் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வருடக்கணக்காயிற்று. கருவில் செல்கள் விடாமல் பிரிந்துகொண்டிருக்கும். தப்பாக ஒட்டிய ஓர் இழை அத்தனை வாரிசுச் செல்களுக்கும் போய்ச் சேரும். மேலும், அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஓர் ஆயுள் முழுக்கக் கிடக்கிறது.

வளர்கிற பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். முதுகெலும்பு வளைந்த பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு முதுகுப் படம் எடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் அப்படிச் சராசரியாக 25 படங்கள் எடுத்துக்கொண்ட 5,573 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். மார்பகப் புற்றால் இறப்பு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு என்று 2000-இல் வெளியிட்டார்கள். பழைய முறையில் பிள்ளையை எக்ஸ்ரே குழாயைப் பார்த்து நிற்க வைப்போம். கதிர் மார்பு வழியே நுழையும். திருப்பி நிறுத்தி முதுகு வழியே விட்டால் மார்பு வாங்குவது பல மடங்கு குறைந்துவிடும். வளைவை அளக்க அந்தப் படமும் அப்படியே பயன்படும். ஒரு பைசா செலவில்லாத வேலை. ‘திரும்பி நில்லு மக்களே’ என்று சொல்வதோடு சரி.

நாங்கள் வாங்கும் கதிரை அளக்க எங்கள் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கிறது. டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று அதற்குள் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போகும். அங்கே சூடேற்றினால், வாங்கிய கதிருக்கு ஏற்றபடி ஒளிரும். அதைக் கணக்கிட்டு அனுப்புவார்கள். ஐந்தாண்டுக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் எங்களுக்குப் பெரும்பாலும் சைபரை ஒட்டித்தான் வரும். ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் கருவியோடு நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இடுப்பெலும்பு முறிவுக்குப் பக்கவாட்டில் படம் பார்க்கும்போது குழாய் இருக்கும் பக்கம் நிற்கக் கூடாது. நோயாளியின் உடலில் பட்டுத் தெறிக்கும் கதிர் அந்தப் பக்கம்தான் அதிகம். படம் வாங்கும் பக்கம் நின்று, ஓரடி பின்னே போனால் போதும். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும். தியேட்டர் நர்ஸ்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர்களில் பலருக்கு பேட்ஜே கிடையாது.

நோயாளிக்கு இப்படி ஒரு பேட்ஜ் இல்லை. இந்த ஆண்டு எத்தனை இடத்தில், எவ்வளவு வாங்கினார் என்று எந்தக் கணக்கும் அவரைப் பின்தொடர்வதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது பயந்து, வேண்டிய ஸ்கேனை மறுத்துவிடுவார்களோ என்ற கவலையும் எனக்கு உண்டு. ஒரு மாலை, மரத்திலிருந்து விழுந்த பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொள்கிறான். அவசரப் பிரிவு டாக்டர் தலைக்கு சி.டி. எழுதியிருந்தார். அம்மாதான் வாசலில் மறித்து நின்றார். வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, “சின்னப் பிள்ளைக்கு எடுத்தா கேன்சர் வந்திரும்னு போட்டிருக்கே, வேண்டாம்மா” என்று அழுதார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் குழந்தைப் பருவ சி.டி.க்கும் இரத்தப் புற்றுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரிந்தது. பத்து வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஓர் இரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்று கணக்கிட்டார்கள். இரண்டையும் சேர்த்தாலும் பத்தாயிரத்தில் இரண்டு. அந்தப் பையனின் மண்டைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் வாய்ப்பு அதோடு ஒப்பிடவே முடியாதது.

அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். “அக்கா, விழுந்துட்டு நல்லா ஓடி விளையாடிட்டு இருக்கிற பிள்ளைன்னா நானே வேண்டாம்னு சொல்வேன். டாக்டர்கிட்டயும் கேப்பேன். இவன் வாந்தி எடுக்கான், அசந்து அசந்து போறான். இப்போ எடுக்காம விட்டாத்தான் ஆபத்து. பிள்ளைக்குள்ள அளவுதான் வைப்பேன், ஒருதடவைதான் எடுப்பேன்” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே இரத்தம் கட்டியிருந்தது. அன்று இரவே ஆபரேஷன், பையன் பிழைத்தான். பிள்ளைகளின் தலைக்காயத்தில் யாருக்கு சி.டி. வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரிக்க அமெரிக்காவில் 42,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து வகுத்த விதிமுறை 2009 முதல் இருக்கிறது. வாந்தி, மயக்கம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போகிற எளிய விதிமுறை. நம் அவசரப் பிரிவுகளின் சுவரிலெல்லாம் அது ஒட்டியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எடுக்க வேண்டிய பிள்ளைக்கு எடுக்கவும், வேண்டாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பவும் அதுவே உதவும்.

இப்போது என் சண்டையெல்லாம் பெரும்பாலும் திரும்பத் திரும்ப எடுப்பதோடுதான். போன மாதம் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த இளைஞர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொதிக்கும் வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமில்லாத வேலை. சிறுநீரகக் கல் அங்கே போகிற நம் ஆட்களுக்கு வழக்கமாக வருவது. கையில் ஒரு பை. அதற்குள் ஷார்ஜாவில் எடுத்த சி.டி., கொச்சியில் இறங்கியதும் எடுத்த சி.டி., அதற்கு முன்பு எப்போதோ எடுத்த இன்னும் சில. எல்லாமே வயிற்றுக்கு. சீட்டில் மறுபடியும் வயிற்று சி.டி. எழுதியிருந்தது. எழுதிய டாக்டரிடம் அந்தப் பையை அவர் காட்டவேயில்லை. யாரும் கேட்கவும் இல்லையாம்.

வட்டுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். கொச்சியில் எடுத்ததிலேயே கல் தெளிவாகத் தெரிந்தது. வலியும் அதே பக்கம்தான், காய்ச்சல் இல்லை. டாக்டருக்கு போன் செய்து, “சார், கொஞ்ச நாள் முன்னாடி எடுத்த சி.டி. கையில இருக்கு. அதைப் பாத்துட்டு அல்ட்ராசவுண்ட் போதுமான்னு சொல்றீங்களா?” என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் சிலர் எரிந்து விழுவார்கள். இவர் படத்தை அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தால் போதும் என்றார். இளைஞருக்குத்தான் மனக்குறை. “இன்சூரன்ஸ் இருக்கு மேடம், நல்லதாவே எடுத்துருங்களேன்” என்றார். அவரை உட்காரவைத்து, நான் மேலே எழுதிய கணக்கையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். அல்ட்ராசவுண்டில் வீக்கம் லேசாகத்தான் இருந்தது, மாத்திரையோடு அனுப்பினார்கள்.

போகும்முன் ஒவ்வொரு வட்டின் உறைமேலும் எடுத்த தேதி, ஊர், டி.எல்.பி. எண் மூன்றையும் மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். வட்டுக்குள்ளேயே அந்த எண் பதிவாகியிருக்கும், தேடினால் கிடைக்கும். அடுத்த முறை ஷார்ஜாவில் வலி வந்து ஸ்கேன் அறைக்குப் போனால், அங்கே கன்ஸோலில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தப் பையை முதலில் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கும் புரியட்டும் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கிறேன்.